சின்னண்ணன் மறித்த பந்தயச் சாலை

சேலத்திலிருந்து சங்ககிரிக்குப் போகும் கப்பி ரோட்டில், கோட்டை மலைக்கு மூன்று மைல் இப்பால் ஆவாரங்காட்டூர். அந்த ஊர்த் தலையாரி சின்னண்ணன், பாம்பென்றாலும் கள்ளனென்றாலும் அசராத ஆள். களத்தில் வைக்கோற்போர் போட்டிருக்கும் காலத்தில் தனியாகவே காவல் சுற்றி வருவான். அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு பயம். தாலுகா கச்சேரியிலிருந்து வரும் காகிதம்.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பன் செத்து வேலை இவன் கைக்கு வந்த புதிதில், வருஷ வரிக்கணக்குப் பார்க்கும் ஜமாபந்திக்கு ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார்கள். வழியில் ஓடை பெருகிக் கிடந்தது. கட்டு நனைந்துவிடுமே என்று கரையிலேயே உட்கார்ந்திருந்து மறுநாள் போய்ச் சேர்ந்தான். ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். இடுப்பு வாரையும் அதில் பதித்த பித்தளை வில்லையையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அவன் ஊர் திரும்பினான். வழிநெடுக ஆட்கள் முதலில் அவன் இடுப்பைத்தான் பார்த்தார்கள், அப்புறம்தான் முகத்தை.

அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒரு வார்த்தை பிசகாமல் நடந்துகொண்டான். ஒரு தடவை, துரை வந்து தங்கப்போகிறார், முசாபரி பங்களாவுக்குள் யாரையும் விடாதே என்றார்கள். கூட்டிப் பெருக்க வந்தவளையும் சமையலுக்கு வந்தவனையும் வாசலிலேயே நிறுத்திவிட்டான். துரை வந்து பார்த்தபோது தரையில் வௌவால் எச்சம், அடுப்பில் நெருப்பில்லை. எல்லோரும் சிரித்தார்கள். சின்னண்ணனுக்கு மட்டும் அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் பங்குனியில் ஒரு காகிதம் வந்தது. மணியகாரர் குமாரசாமி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஊரின் வரி, பிறப்பு, இறப்பு எல்லாம் அவர் கணக்கில்தான். கச்சேரி பேசுவதை ஊருக்குச் சொல்வதும் அவர்தான்.

"கேளு சின்னா. சேலத்துல வக்கீலுங்க, குமாஸ்தாக்க, மில்லு ஆபீசருங்க எல்லாஞ் சேந்து சைக்கிள் சங்கம் வெச்சிருக்காங்களாமா. வர்ற ஞாயித்துக்கெழம சேலத்துல இருந்து சங்ககிரி வரைக்கும் பந்தயம். கோட்டை அடிவாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு இதே ரோட்டுல திரும்போணும். இருவத்துமூணு பேரு."

"செரீங்க. நானு என்ன பண்ணோணுமுங்க?"

"காத்தால ஆறு மணியில இருந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும் நம்மூரு எல்லையில ரோட்டுக்குள்ள ஆளு, வண்டி, மாடு, ஆடு எதுவும் எறங்கப்படாது. மீறுனா தலையாரிதான் பொறுப்பு. மொத நாளே கோட்டைக்குப் போற மோட்டாரு, எல்லாருந் திரும்புனதுக்கப்பறம் கடைசியா வெள்ளக்கொடி கட்டிக்கிட்டு வரும். அது போனதுக்கப்பறந்தான் தொறக்கோணும்."

பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் சின்னண்ணன் கை தானாக இடுப்பு வில்லையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

தண்டோரா போட்டான். ஊர் கொதித்துவிட்டது. சந்தைக்குப் பானை கொண்டுபோகிறவர்கள் காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் பாதிப் பானை உடைந்து போகும் என்றார்கள். அன்றைக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களுக்கு, அடுத்த வாரம் வாருங்கள் என்று ஆள் அனுப்பவேண்டியதாயிற்று. கால் வலிக்க மிதிக்கிறதற்கு எதற்கு ஒரு சங்கம் என்று சிலர் கேட்டார்கள். ஆனாலும் இதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது.

ரோட்டுக்கு வடக்கே ஊர், தெற்கே ஏரி. இரண்டு வருஷமாகச் சரியான மழையில்லை. கிணறுகளில் மனுஷர் குடிக்க மட்டும் தண்ணீர் ஊறியது. மாடுகளெல்லாம் ஏரியில் மிஞ்சிக் கிடந்த தண்ணீரை நம்பித்தான் உயிரோடு இருந்தன.

மாரக்காள் தலையாரியைத் தேடிக்கொண்டே வந்துவிட்டாள். புருஷன் போனபிறகு பண்ணையத்தைத் தானே பார்த்து வருகிறவள் அவள். ஏழு எருமை, இரண்டு ஜோடி எருது. வாய்க்குப் பயந்து மணியகாரரே அவளைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவார்.

"ஏப்பா சின்னண்ணா, மாட்டுக்கு யாரு தண்டோரா போடுவாங்க? அதுகளுக்கும் சொல்லிப்போடு, ஒரு மணி வரைக்கும் தாகம் எடுக்கப்படாதுன்னு."

"ஆறு மணிக்கு முன்னாலயே ஓட்டிக்கிட்டுப் போயிருங்க ஆத்தா."

"கருக்கல்ல ஓட்டுனா மோந்து பாத்துட்டுத் திரும்பிரும். வெயில் ஏறுனாத்தானே வாய வெக்கும்? நீயும் மாடு கட்டிப் பொழச்சவந்தானே, தெரியாதா ஒனக்கு?"

அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உத்தரவு அப்படி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐந்து மணிக்கே சின்னண்ணன் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, முண்டாசு சுற்றி, கச்சேரியில் கொடுத்த சிவப்புக் கொடியைக் கையில் பிடித்து ரோட்டோரம் நின்றுவிட்டான். அவன் மனைவி பாவாயி ஒரு சொம்பில் கரைத்த கூழைக் கொண்டுவந்து புளியமரத்தடியில் வைத்துவிட்டுப் போனாள். மாரக்காள் சொன்னபடிதான் நடந்தது. விடியுமுன் ஓட்டிக்கொண்டு போன மாடுகள் தண்ணீரில் மூக்கை வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு திரும்பிவிட்டன.

ஒன்பது மணிக்குச் சேலம் பக்கம் புழுதி தெரிந்தது. ஊரே திரண்டு வந்து நின்றது. வாரம் முழுக்க வைதவர்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள். முதல் சைக்கிள் சீறிக்கொண்டு போனபோது யாரோ ஒருவன் தன்னை மறந்து கூவினான். அதற்கப்புறம் ஒவ்வொருவர் வரும்போதும் ஒரே கூச்சல். ஒருவர் தொப்பி போட்டிருந்தார், ஒருவர் கச்சத்தைத் தூக்கிக் கட்டியிருந்தார், இன்னொருவர் தலையில் ஈரத் துண்டு. சின்னண்ணன் கொடியை உயர்த்திப் பிடித்தபடி வாய்க்குள்ளேயே எண்ணினான். இருபத்திரண்டு வந்தது. காகிதத்தில் இருபத்துமூன்று. புழுதியில் ஒன்றைத் தவறவிட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டான்.

சைக்கிள்கள் மலைப்பக்கம் மறைந்தன. கூட்டம் கலையவில்லை. வெயில் சுள்ளென்று ஏறியது. பட்டிகளில் மாடுகள் கத்தத் தொடங்கின. முதலில் ஒன்று இரண்டு. பிறகு ஊர் முழுக்க. தெற்கேயிருந்து வந்த காற்றில் ஏரியின் சேற்று வாசம் இருந்தது. ஒரு பட்டியில் படலை முட்டித் தள்ளிவிட்டு எருமைகள் ரோட்டோரம் வரை வந்துவிட்டன. அவற்றைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்து விட்டார்கள். வடக்கு ஓரத்தில் நூற்றைம்பது மாட்டுக்குக் குறையாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வாயோரம் நுரை. முன்னால் குச்சிகளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஆட்கள். சினையாயிருந்த பசு ஒன்று நின்ற இடத்திலேயே மடங்கிப் படுத்தது.

"சின்னண்ணா, கொஞ்சம் யோசன பண்ணுப்பா" என்றாள் மாரக்காள். இப்போது அவள் குரலில் சீண்டல் இல்லை. "கோட்டைக்குப் போயிக் கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பி வாரதுக்கு எவ்வளவு வேகமா மிதிச்சாலும் அரை மணியாகும். நம்ம மாடு கடக்க அஞ்சு நிமிசம் போதும். இப்ப வெறும் ரோடு. ஒரு ஈ காக்கா இல்ல."

"வெள்ளக்கொடி மோட்டாரு போகோணும் ஆத்தா. உத்தரவு."

"அந்தப் பசுவப் பாரு."

பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பசுவின் விலா ஏறி இறங்கியது. கண் அவனைத்தான் பார்த்ததா, ஏரிப்பக்கம் பார்த்ததா தெரியவில்லை. ஆறு மாதம் வில்லையில்லாமல் அலைந்த காலம் அவன் நெஞ்சில் வந்து நின்றது. பாவாயி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. யார் வீட்டுக் காட்டிலோ களை பிடுங்கிக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். இந்த வயதில் மறுபடியும் அதுவா?

மணியகாரரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சின்னண்ணன் நடு ரோட்டுக்குப் போனான். சங்ககிரிப் பக்கம் முகத்தைத் திருப்பி, சிவப்புக் கொடியை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஓட்டுங்க சாமி! வெரசா ஓட்டுங்க!"

குச்சிகள் விலகியதுதான் தாமதம். மாடுகள் மடை உடைந்த மாதிரி ரோட்டில் இறங்கின. கொம்போடு கொம்பு உரசும் சத்தம், குளம்புச் சத்தம், புழுதி. அவன் கண் கோட்டைப்பக்கமே இருந்தது. பாதி மாடு கடந்திருக்கும். முதுகுக்குப் பின்னால், சேலம் பக்கமிருந்து, கிணிகிணியென்று மணி அடித்தது.

இருபத்துமூன்றாம் ஆள்.

திரும்பிப் பார்ப்பதற்குள் சைக்கிள் எருமைக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. ஒரு எருமை தலையைத் திருப்பியது. சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது, ஆள் மறுபக்கம் விழுந்தான். "ஐயோ!" என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. சின்னண்ணன் கொடியைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தான். எருமைகளை மார்பால் தள்ளி, விழுந்தவனின் இரு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி, மரத்தடிக்குக் கொண்டுவந்தான்.

முப்பது வயதிருக்கும். கொஞ்சம் தடித்த உடம்பு. முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. முகமெல்லாம் மண். கண்ணை மூடியே கிடந்தான்.

"சாமி… சாமி… எங்கீங்க அடி?" சின்னண்ணன் குனிந்து முகத்து மண்ணைத் துடைத்தான்.

அந்த ஆள் கண்ணைத் திறந்தான். "எங்கயும் இல்லைங்க பெரியவரே. தண்ணி இருக்கா?"

பாவாயி வைத்துவிட்டுப் போன கூழ்ச் சொம்பை நீட்டினான். மூச்சுவிடாமல் குடித்தான் அந்த ஆள். குடித்து முடித்துச் சாய்ந்து உட்கார்ந்து, பெருமூச்சு ஒன்று விட்டான்.

"அப்பாடா" என்றான். "ஒருவழியா நின்னாச்சு!"

"என்னுங்க?"

"எம்பேரு வெங்கடாசலம். சேலத்துல வக்கீல் குமாஸ்தா. எங்க வக்கீல்தான் இந்தச் சங்கத்துக்குச் செயலாளர். நீயும் ஓட்டியே ஆகணும்னுட்டார். சைக்கிள்ல கோர்ட்டுக்குப் போய் வர்றதோட சரி எனக்கு. மகுடஞ்சாவடியிலயே நாக்கு தள்ளிப்போச்சு. எப்படி நிறுத்தறதுன்னு தெரியாமத்தான் மிதிச்சுக்கிட்டே வந்தேன்."

சின்னண்ணனுக்கு உடம்பில் பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி திரும்புவதற்குள் யாரோ கத்தினார்கள்: "வாராங்க! வாராங்க!"

மலைப்பக்கம் புழுதி. எல்லா மாடுகளும் கடந்துவிட்டன, மாரக்காளின் கிழட்டு எருமை ஒன்றைத் தவிர. அது நடுரோட்டில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. மாரக்காள் கொம்பைப் பிடித்து இழுத்தாள். சின்னண்ணன் பின்னாலிருந்து தள்ளினான். மணியகாரர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்து விலாவில் தோளைக் கொடுத்தார். மூன்று பேரும் திட்டிய திட்டுக்கெல்லாம் அசையாத எருமை, முதல் சைக்கிளின் மணிச்சத்தம் கேட்டதும் தானாக நடந்து மறுபக்கம் போயிற்று. அடுத்த நொடியே முதல் ஆள் அவர்கள் முகத்தில் காற்றடிக்கக் கடந்து போனார். அவர் பின்னால் மற்றவர்கள். யாரும் விழவில்லை.

கடைசியாக வெள்ளைக்கொடி மோட்டார் வந்தது. வந்த வேகத்தில் நின்றும்விட்டது. காக்கி அரைக்கால்சட்டை போட்ட வக்கீல் இறங்கினார். ரோடு முழுக்கக் குளம்படி, சாணம். மரத்தடியில் அவருடைய குமாஸ்தா, முழங்காலில் மஞ்சள் பற்று, கையில் கூழ்ச் சொம்பு.

"மாட்டை ரோட்டுல விட்டது யார்?"

சின்னண்ணன் முன்னால் வந்தான். அவனுக்கே தன் கால் நடப்பது ஆச்சரியமாக இருந்தது.

"நாந்தானுங்க உட்டேன். தண்ணி அந்தப் பக்கம் இருக்குதுங்க. மாடு இந்தப் பக்கம். அதுக தாங்கலீங்க. ஊர்ல யாரு மேலயும் தப்பில்லீங்க."

"தப்பில்லயாமா! நாந்தான் ஓட்டச் சொன்னேன்" என்று இடையில் புகுந்தாள் மாரக்காள். "எழுதறதுன்னா எம்பேரையும் எழுதிக்கோங்க சாமி."

வக்கீல் குமாஸ்தா பக்கம் திரும்பினார். "மாடு குறுக்கே வந்துதான் நீ தோத்தியா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வெங்கடாசலத்துக்கு மானம் தப்பும். தோற்றவன் என்று ஆபீஸில் யாரும் கேலி பேசமாட்டார்கள். அவன் எழுந்து நின்று வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டினான்.

"இல்லைங்க சார். மாட்டைப் பாக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே நான்தான் கடைசி. எல்லாரும் போயாச்சுன்னு நினைச்சு அவங்க மாட்டை விட்டாங்க. இவ்வளவு பின்தங்கி ஒருத்தன் வருவான்னு யாருக்குத்தான் தோணும்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. ஏரிப்பக்கம் பார்த்தார். மாடுகள் வயிறுவரை தண்ணீரில் நின்று குடித்துக்கொண்டிருந்தன. சினைப்பசுவை நான்கு பேர் தாங்கிக் கொண்டுபோய்க் கரையில் விட்டிருந்தார்கள், அதுவும் குடித்தது. வக்கீல் சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து என்னவோ எழுதினார். குமாஸ்தாவையும் சைக்கிளையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எழுதினாரே, அதுதான் சின்னண்ணனைக் கொன்றது. என்ன எழுதினார்? பதினைந்து நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் காலையில் வில்லையைப் புளிபோட்டுத் துலக்கினான். எப்படியும் கழற்றிக் கொடுக்கப்போகிறோம், பளபளப்பாகவாவது கொடுப்போம் என்று. பாவாயி களையெடுக்கும் கொத்தைத் தீட்டி வைத்தாள். ஊரில் ஆளுக்கொரு தினுசாக ஆறுதல் சொன்னார்கள். மாரக்காள் மட்டும் ஆறுதல் சொல்லாமல், தினமும் ஒரு செம்பு மோர் கொடுத்தனுப்பினாள்.

பதினாறாம் நாள் கச்சேரிச் சேவகன் காகிதம் கொண்டுவந்தான். மணியகாரர் கண்ணாடியை மாட்டினார். முதலில் மனசுக்குள் படித்துக்கொண்டார். அந்த நேரம் முழுக்கச் சின்னண்ணன் தரையையே பார்த்தபடி, இடுப்பு வாரின் கொக்கியில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"சைக்கிள் சங்கத்தாரு எழுதிக் கேட்டுக்கிட்டதுனால, வர்ற வருசத்துல இருந்து, போற சைக்கிளெல்லாம் நம்ம ஊரு தாண்டுனதும் திரும்பி வாரதுக்குள்ள கா மணி நேரம் மாடு கடக்க உடோணுமாமா. கடைசி சைக்கிளு போனத ரெண்டு தடவ எண்ணிப் பாத்துட்டு உடோணுமாமா. அத இந்த ஊர்த் தலையாரி முன்னால நின்னு நடத்தோணும்."

"அப்பறமுங்க?"

"அவ்வளவுதான். கீழ கையெழுத்து."

"என்னப் பத்தி என்னங்க போட்டிருக்குது?"

"போட்டிருக்குதல்ல, தலையாரின்னு! தலையாரி நீ இல்லாம வேற யாருடா?"

சின்னண்ணன் கொக்கியிலிருந்து கையை எடுத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மணியகாரர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கண்ணீர் வழிய வழிய அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து பாவாயியிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு உள்ளே போய், தீட்டிய கொத்தை எடுத்துக் கூரையில் செருகினாள். "ஏனுங், களி கிண்டட்டுங்களா?" என்றாள். மூன்று உருண்டை தின்றான். தின்ற இடத்திலேயே படுத்து, பொழுது சாயும்வரை அசையாமல் தூங்கினான்.

அடுத்த வருஷப் பந்தயத்தில் வெங்கடாசலம் சைக்கிளில் வரவில்லை; வெள்ளைக்கொடி மோட்டாரில் வந்தான். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பதுதான் அவனுடைய வேலை. ஊர் எல்லையில் இறங்கி நின்று, "எல்லாரும் போயாச்சு பெரியவரே, மாட்டை விடுங்க" என்றான். சின்னண்ணன் தானும் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்த பிறகே விட்டான். திரும்பி வந்தவர்களுக்கு ஊரே மரத்தடியில் மோர்ப்பானை வைத்துக் காத்திருந்தது.

அதற்கு அடுத்த வருஷமும் நடந்தது. அப்புறம் யுத்தம் வந்தது. டயர் கிடைக்கவில்லை, ஓட்டியவர்களில் சிலர் பட்டாளத்துக்குப் போனார்கள். பந்தயம் நின்றது. பங்குனி பிறந்ததும் மாரக்காள் மணியகாரர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங், இந்த வருசம் சைக்கிளு வாராதுங்களா?"

"வாராதாமா. யுத்தம்."

"அட போங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். பந்தயம் வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை ரோடு திறந்தே கிடந்தது. மாடுகள் நினைத்த நேரத்தில் ஏரிக்குப் போய்வந்தன.